அடையாளம் என்னும் சமாதானம்

கத்தோலிக்கரின் நற்கருணையைப் பற்றி நம் நாட்டுப் படித்த மக்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. பூசையில் குருவானவர் எடுத்தேந்துகிற அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரம் என்பது உபசார வழக்கே என்பதும், அது தியாகத்தின் நினைவு, கூடி உண்ணும் சகோதரத்துவத்தின் சின்னம் என்பதும், அதற்குமேல் அதில் எதையும் தேடுவது இடைக்காலத்து ஐரோப்பியக் குருமார் கட்டிவிட்ட மயக்கத்துக்கு உட்படுவதே என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். செட்டிநாட்டுச் சீமையில் இதனைப் பகுத்தறிவாளரும் சொல்கிறார்கள், சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகை நடத்திய காலந்தொட்டே காரைக்குடியில் சீர்திருத்த வாதத்துக்குக் குறைவில்லை. விபூதி துலங்கும் நெற்றியும் விசாலமான மனமும் உடைய சைவப் பெரியோரும் சொல்கிறார்கள். 'எங்கள் கோயிலில் பிரசாதம், உங்கள் கோயிலில் அப்பம், எல்லாம் ஒன்றுதானே' என்று அன்பொழுகச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் தலையசைத்து, 'ஆமாம், அடையாளந்தான்' என்று ஒத்துக்கொண்டு, அதனால் தமக்கு நாகரிகப் பட்டம் கிடைத்ததாக மகிழ்கிற கத்தோலிக்கரும் பெருகிவிட்டனர். இம்மூவருள் எனக்கு மிகுந்த வருத்தம் அளிப்போர் கடைசியில் சொன்னவர்களே.

நற்கருணை பொய் என்று சொல்பவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர் திருச்சபை என்ன சொல்கிறது என்பதைச் சரியாகக் கேட்டுக்கொண்டு, கேட்டதை நம்ப மறுக்கிறார். அது நேர்மையான மறுப்பு. திருச்சபை சொல்வதைக் கேளாமலே, அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் இட்டு, அந்தச் சொல்லாத ஒன்றைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்பவரோடுதான் என் வழக்கு. இக்கட்டுரையில் நான் நிறுவ முற்படுவது நற்கருணைக் கொள்கை சத்தியம் என்பதை அன்று. அது விசுவாசத்தின் வழக்கு, கட்டுரையால் தீர்வதன்று. 'அடையாளம்' என்னும் விளக்கம் அந்தக் கொள்கையின் விளக்கமே அன்று என்பதும், அந்தக் கொள்கையால் வாழ்ந்த மக்களின் வரலாற்றை அது அர்த்தமற்றதாக்கிவிடுகிறது என்பதுமே என் வாதம்.

கொள்கையை முதலில் சொல்லிவிடுவோம். குருவானவர் அப்பத்தை அர்ச்சிக்கும் வசீகர வார்த்தைகளைச் சொன்னபின் அப்பத்தின் நிறம், மணம், சுவை, எடை, வடிவம் ஆகிய குணங்கள் யாவும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு ஆதாரமாய் நின்ற அப்பம் என்னும் வஸ்து மட்டும் இல்லை. அவ்விடத்தில் இருப்பவர் கிறிஸ்துவே. 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இம்மாற்றத்துக்கு 'வஸ்து மாற்றம்' என்னும் பொருளுடைய ஒரு பெயரைக் கையாண்டது. 1551 அக்டோபரில் திரிதெந்து சங்கம் தன் பதின்மூன்றாம் அமர்வில் இதனை ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்து, அடையாளமாக மட்டுமே அவர் இருக்கிறார் என்போரைப் பெயர் குறியாமல் விலக்கி வைத்தது. ஆகவே 'அடையாளம்' என்பது கத்தோலிக்கக் கொள்கையின் மென்மையான வடிவம் என்று எண்ணுவோர், அச்சொல்லாலேயே ஒரு பொதுச்சங்கம் எதிராளியின் கட்சியைக் குறித்தது என்பதை அறியாதவர்கள்.

அடையாளம் இன்னதென்று காரைக்குடி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பன் மணிமண்டப வளாகத்தில், 1975-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1993-ல் திறக்கப்பெற்ற தமிழ்த்தாய் கோயில் இருக்கிறது. அங்கே வீற்றிருக்கும் திருவுருவம் நம் மொழியின் உருவகம்; அதன் முன் கைகூப்புகிறவர்களுள் மொழி என்பது ஒரு பெண்மணியாய் அக்கருவறையில் வசிக்கிறது என்று நினைப்பவர் எவரும் இலர்; நினைக்க வேண்டும் என்று அதனைக் கட்டியோரும் எதிர்பார்க்கவில்லை. அதுவே நல்ல அடையாளத்தின் இலக்கணம்: அது சுட்டுகிற பொருள் வேறிடத்தில் இருக்கிறது என்பதை அனைவரும் அறிந்திருக்க, அது தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. அந்த உருவத்துக்காக ஒருவரும் உபவாசம் இருப்பதில்லை, கோயில் பூட்டியிருந்தால் வீட்டில் ஒரு படத்தை வைத்து வணங்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஒன்றற்குப் பதிலாக மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதே அடையாளத்தின் சௌகரியம்.

இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இனி மறவர் சீமையின் கதையைப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பரவிய கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் குருவானவர் இன்றி வாழ்ந்தவர்கள். சேதுபதி மன்னரின் தடைக்கு உட்பட்ட அந்நாட்டில் 1686-ல் நுழைந்த அருளானந்தர் என்னும் குருவானவர் சில மாதங்களில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டார். ஐரோப்பா சென்று 1690-ல் மீண்டும் வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவர் வருவதற்கு முன்னும், போனதற்குப் பின்னும், அவர் இருந்த காலத்திலுங்கூட, ஊர்தோறும் சபையைக் கட்டிக் காத்தவர்கள் குருப்பட்டம் பெறாத உபதேசியார்களே. ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அவர்கள். பிணத்தை அடக்கம் செய்தவர்கள் அவர்கள். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி வேதக் கதைகளை வாசித்தவர்களும் அவர்களே. ஒன்றை மட்டும் அவர்கள் செய்யவில்லை. அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் வைத்து அவ்வார்த்தைகளைச் சொல்ல எந்த உபதேசியாரும் துணியவில்லை. துணியும்படி எந்த ஊரும் அவரைக் கேட்கவில்லை. குருவானவர் எங்கோ ஒரு காட்டோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பூசை வைக்கிறார் என்று கேள்விப்பட்டால், அது எத்தனை காதம் ஆனாலும் நடந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். நடுநிசி தொடங்கித் தண்ணீரும் பருகாமல் இருந்து, நன்மை என்னும் நற்கருணையை வாங்கினார்கள். மறுபடியும் நடந்து ஊர் திரும்பினார்கள்.

ஒரு நினைவுச் சின்னத்துக்காக இவ்வளவா? நினைவுகூர்வதற்கு உபதேசியார் போதுமே. நினைவு வேண்டுமானால் சிலுவை அடையாளம் இருந்ததே. குருவானவர்தான் பூசை வைக்கவேண்டும் என்பது சபைச் சட்டம், அதற்குக் கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவே என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் அந்தச் சட்டம் ஞானஸ்நானத்துக்கு ஏன் அவ்வாறு இல்லை? அவசர வேளையில் எவரும், கிறிஸ்தவர் அல்லாதவருங்கூட, முறைப்படி நீர் வார்த்தால் ஞானஸ்நானம் செல்லும் என்று அதே சபை, அதே சட்டத்தில் சொல்கிறது. ஒன்றை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, மற்றொன்றை ஊரெல்லாம் ஏங்கிக் கிடந்தாலும் கொடுக்க மறுத்த சட்டம், அம்மற்றொன்றில் மனிதர் தம் விருப்பத்தால் நிகழ்த்த முடியாத ஏதோ ஒன்று நிகழ்கிறது என்னும் நம்பிக்கையின்றி எழுதப்பட்டிருக்க முடியாது. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது காரணமில்லாத கொடுமை ஒன்றே.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் தெளிவாக விளங்கிற்று. 1658-ல் ஒல்லாந்தர் அப்பட்டினத்தைப் பிடித்தவுடன் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குழந்தைகளின் ஞானஸ்நானமும் திருமணமும் தங்கள் பதிவேட்டில் ஏறவேண்டும் என்றனர். பள்ளிக்கும் ஆலயத்துக்கும் வரச்செய்தனர். அவர்கள் புராட்டஸ்டண்டு சீர்திருத்தச் சபையார். ஆண்டவருடைய இராப்போஜனம் அவர்களிடத்திலும் உண்டு. கத்தோலிக்கர் சொல்லும் வஸ்து மாற்றத்தை மட்டும் அவர்கள் விக்கிரக ஆராதனை என்று தள்ளியிருந்தனர். வேதம் ஒன்று, மூவொரு கடவுள் ஒன்று, சிலுவை ஒன்று. மக்கள் இணங்கிப் போயிருந்தால் நிலமும் பதவியும் நிம்மதியும் கிடைத்திருக்கும். வெளிக்கு இணங்கியவர்களும் பலர். ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1687-ல், கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் என்னும் குரு கூலியாள் வேடத்தில், நோயாளியாய், பிச்சையெடுத்துக்கொண்டு அத்தீபகற்பத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு தலைமுறையாகப் பூசை காணாத மக்கள் அவரை அடையாளம் கண்டு, சில்லாலையில் மறைத்து வைத்து, இரவு நேரங்களில் கூடினர். அவர்கள் காத்துக் கிடந்தது எதற்காக என்று 'அடையாள'க் கட்சியார் எனக்கு விளக்கவேண்டும். பிரான்சிஸ் பாப்பரசர் 2015 ஜனவரியில் கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்ததைப் பத்திரிகைகள் இன ஒற்றுமையின் விழாவாக எழுதின; எழுதட்டும். ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுசென்றது ஒற்றுமைப் பிரசங்கம் அன்று, பூசை.

பகுத்தறிவாளரின் பிரதான ஆட்சேபத்துக்கு வருகிறேன். அப்பத்தைச் சோதித்துப் பார்த்தால் கோதுமை மாவுதானே என்பது அது. வாஸ்தவம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்கி, 1953-ல் திறக்கப்பெற்ற நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கே அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கோதுமை என்றே முடிவு வரும்; வேறு முடிவு வந்தால் திடுக்கிட வேண்டியவர்கள் வேதியியலார் அல்லர், இறையியலார். குணங்கள் யாவும் மாறாமல் நிற்கின்றன என்று முதலிற் சொன்னவர்கள் அவர்களே அல்லவா? கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத நோயாளிகள் நன்மை வாங்குவது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, உரோமை 2003-லும் 2017-லும் எழுதிய கடிதங்களில், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி தந்தது. அறவே இல்லாததை ஏற்க மறுத்தது. அதுவும் ஒவ்வாதவர் இரசத்தை மட்டும் உட்கொள்ளலாம் என்றது. வசீகரத்துக்குப் பின்னும் அப்பம் வயிற்றுக்கு என்ன செய்யும் என்பதை ரோமாபுரி அறிந்தே இருக்கிறது. ஒருவர் தம் கொள்கையின் பகுதியாகவே முன்னமே சொல்லிவிட்டதை அக்கொள்கைக்கு எதிரான சாட்சியமாகக் கொண்டுவந்து நிறுத்துவது வாதம் ஆகாது. வஸ்து, குணம் என்னும் பாகுபாடே தவறு என்று வாதாடலாம். அது தத்துவ வாதம், அதற்கு நான் தலைவணங்கிச் செவிசாய்ப்பேன். ஆனால் அது சோதனைக் குழாயால் தீரும் வழக்கன்று.

இவ்விடத்தில் நம் பக்கத்தாரையும் கடிந்துகொள்ளாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இத்தாலியில் லாஞ்சானோ என்னும் ஊரில் அப்பம் மாமிசமாய் மாறியதாகச் சொல்லி, அதனை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று பிரசங்கிப்போர் பலர். அவர்களுடைய படக்காட்சிகளுக்குக் கூட்டமும் பெரிது. இவர்கள் பகுத்தறிவாளரின் தவற்றையே தலைகீழாகச் செய்கிறவர்கள். இறையியலார் அக்குவினாஸ் தோமாஸ் தம் பெருநூலில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, அத்தகைய அற்புதங்களில் கண்ணுக்குத் தெரிகிற மாமிசம் கிறிஸ்துவின் சொந்த உருவில் அமைந்த சரீரம் அன்று என்று தீர்த்துவைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதே பிரசன்னம் என்றால், ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பூசை என்னாவது? திருச்சபையுங்கூட இதில் எப்போதும் நிதானமாய்ப் பேசிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1059-ல் உரோமையில், நற்கருணையை அடையாளமாகக் கருதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெரெங்காரியுஸ் என்பவரிடம் வாங்கிய பிரமாணம், விசுவாசிகளின் பற்களால் கிறிஸ்துவின் சரீரம் அரைபடுவதாகப் பேசும் முரட்டு வாசகம். பின்வந்த ஆசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லி, பிளவுபடுவது குணங்களே, சரீரம் அன்று என்று திருத்தி அமைக்க நேர்ந்தது.

1215-ல் குருமார் கட்டிய கதை என்னும் ஆட்சேபம் தேதி தெரியாத ஆட்சேபம். 1215-ல் சங்கம் கையாண்டது ஒரு பெயரை மட்டுமே. ஏறத்தாழ கி.பி. 110-ல், விலங்குகளுக்கு இரையாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா இஞ்ஞாசியார், வழியில் ஸ்மிர்னா நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில், நற்கருணை மீட்பருடைய மாமிசம் என்று ஒப்புக்கொள்ளாததால் அதனை விட்டு விலகி நிற்போரைப் பற்றி எச்சரிக்கிறார். அந்நாளிலேயே மறுப்பாரும் இருந்தனர், மறுக்கப்பட்ட கொள்கையும் இருந்தது. நரமாமிசம் தின்பவர்கள் என்று உரோமானிய மக்கள் கிறிஸ்தவர்மேல் பழி சுமத்திய காலம் வந்தது. கி.பி. 155 அளவில் ஜஸ்டின் என்பவர் அந்தோனீனுஸ் பியுஸ் சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பழியைத் துடைக்க அவர் கையில் எளிதான ஆயுதம் ஒன்று இருந்தது: 'இது வெறும் அடையாளம், சுவாமி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். அவர் அவ்வரியை எழுதவில்லை. தாங்கள் வாங்குவது சாதாரண அப்பமன்று, சதையெடுத்த இயேசுவின் சதையும் இரத்தமுமே என்றே எழுதினார். பின்னர் வேதசாட்சியாக இறந்தார். இன்று நம்மவர் ஒரு தேநீர் உபசாரத்தில் கௌரவம் கருதி விட்டுக்கொடுப்பதை, தலைபோகும் வேளையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கப்பர்நாகூமில் நடந்ததும் அதுவே. தம் மாமிசத்தைப் புசிக்கவேண்டும் என்று இயேசு சொல்லக் கேட்டுச் சீடருள் பலர் இது கடினமான பேச்சென்று விலகிப் போனதை யோவான் தம் ஆறாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பரிசேயரின் புளித்த மாவைப் பற்றிய பேச்சை உண்மை அப்பமென்று சீடர் தவறாக எண்ணியபோது திருத்திய அதே போதகர், இங்கே போகிறவர்களைக் கூப்பிட்டு 'உருவகமாகச் சொன்னேன்' என்று திருத்தவில்லை. மாமிசம் ஒன்றுக்கும் உதவாது என்றும் அங்கேயே சொன்னாரே என்பர். அவ்வாக்கியம் அவருடைய சொந்த மாமிசத்தைக் குறிக்குமானால் அவர் மனிதராய்ப் பிறந்ததும் சிலுவையில் மாண்டதும் ஒன்றுக்கும் உதவாதவை என்று முடியும்; அந்த முடிவுக்கு ஆட்சேபக்காரரும் உடன்பட மாட்டார்.

புராட்டஸ்டண்டுகள் எல்லாரும் இதனை அடையாளம் என்றுதானே கொள்கிறார்கள் என்னும் பேச்சும் பாதி அறிவில் பிறந்தது. 1529-ல் மார்பர்க் நகரில், அடையாளம் என்றே கொண்ட ஸ்விங்லியோடு வாதிட அமர்ந்த லூத்தர், கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சுண்ணக்கட்டியால் மேசையில் எழுதிவைத்துக்கொண்டு, அதனின்று இம்மியும் அசையமாட்டேன் என்றார். ஒப்பந்தம் அவ்விஷயத்தில் முறிந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அந்த லூத்தரின் வழியினர். தரங்கம்பாடி லூத்தரன் சபையாருக்கு மறுப்பாக வீரமாமுனிவர் 1728-ல் 'வேத விளக்கம்' எழுதினார். இருதரப்பாருக்கும் பகைமை கடுமையாகவே இருந்தது. ஆயினும் அப்பம் எஞ்சுகிறதா இல்லையா என்பதில் பிளவுபட்ட அவ்விருவரும், கிறிஸ்து அங்கே மெய்யாகவே இருக்கிறார் என்பதில் ஒரே கட்சி. இன்று சர்வசமயச் சமரசம் பேசுவோர் நடுநிலை என்று காட்டும் இடத்தில் அன்று தரங்கம்பாடியாரும் நிற்கவில்லை, ஏலாக்குறிச்சியிலிருந்த வீரமாமுனிவரும் நிற்கவில்லை.

பிரசாத ஒப்புமையை நான் ஏற்காததற்குக் காரணம், அது சைவத்துக்கும் நியாயம் செய்யவில்லை என்பதே. பிரசாதம் சுவாமிக்குப் படைத்ததில் அடியார் பெறும் அருட்பங்கு. அதனை எவரும் மூலஸ்தானத்தில் எழுந்தருளச் செய்து பூசிப்பதில்லை. பொருத்தமான ஒப்புமை வேண்டுமென்றால் நகரத்தார் அதனைத் தம் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கிறார்கள். இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்களைத் தலைமுறை தலைமுறையாகத் திருப்பணி செய்துவரும் அக்குலத்தாருக்குப் பாலாலயம் என்றால் என்னவென்று தெரியும்: திருப்பணிக் காலத்தில் மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை மந்திர பூர்வமாக வேறோர் இடத்துக்கு எழுந்தருளச் செய்து, அங்கே நித்திய பூசை நடத்தி, பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தால் மீண்டும் நிலைநிறுத்துகிறார்கள். லட்சக்கணக்கான ரூபாயும் ஆண்டுக்கணக்கான உழைப்பும் செலவிட்டு இதனைச் செய்யும் பெரியவரிடம், 'கருவறையில் இருப்பது ஓர் அடையாளந்தானே, ஐயா' என்று கேட்டால், அவர் சினம் கொள்ளாமல் இருந்தாலும் கேட்டவனின் அறியாமைக்கு இரங்குவார். அந்த இரக்கம் எனக்கும் உண்டு என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கும்பம் கும்பமாகவும் கல் கல்லாகவும் இருக்க அதில் இறைவன் எழுந்தருளுகிறான் என்பது ஆகம வழி, அப்பம் அப்பமாகவே இல்லை என்பது கத்தோலிக்க வழி, வேறுபாடு ஆழமானது. ஆனால் சாந்நித்தியம் என்பதன் கனம் அறிந்த சமூகம், பக்கத்து வீட்டானின் சாந்நித்தியத்தை மட்டும் சின்னமாகச் சுருக்குவது, அது எவ்வளவு அன்பினாற் செய்யப்பட்டாலும், அன்பு ஆகாது. இடைக்காட்டூரில் 1894-ல் பிரெஞ்சுக் குருவானவர் ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் எழுப்பிய திருஇருதயக் கோயிலைப் படமெடுக்க வருவோரும், அத்தனை வளைவும் கோபுரமும் எரிகிற விளக்கோடு கூடிய ஒரு சிறு நற்கருணைப் பேழைக்காகவே எழுந்தன என்பதை மறந்து, கட்டடத்தை மெச்சிவிட்டுப் போகிறார்கள்.

நம் வீட்டுக்குள் வந்துவிட்ட நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2019-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் விசாரித்தபோது, அந்நாட்டுக் கத்தோலிக்கரில் 31 விழுக்காட்டினரே அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் ஆகின்றன என்றனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் அடையாளம் என்றனர். கேள்வியை வேறுவிதமாகக் கேட்டால் விடை வேறுவிதமாக வரும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். எப்படியாயினும், அடையாளம் என்று சொன்னவர்களுள் பலருக்குத் திருச்சபையின் போதனை இன்னதென்பதே தெரியவில்லை என்று அதே ஆய்வு காட்டிற்று. இது புதிய நோயுமன்று. 1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த அகில உலக நற்கருணை மாநாட்டுக்கு ஆறாம் பவுல் பாப்பரசர் வந்தார்; இந்திய மண்ணில் கால்வைத்த முதல் பாப்பரசர் அவரே. மாநாடு முடிந்து ஓராண்டு நிறைவதற்கு முன், 1965 செப்டம்பரில், வசீகரத்தால் அப்பத்தின் அர்த்தம் மாறுகிறது, பயன் மாறுகிறது, அவ்வளவே என்று சில ஐரோப்பிய இறையியலார் கற்பித்ததை மறுத்து அவர் ஒரு சுற்றுமடல் எழுத நேர்ந்தது. அர்த்தம் மாறுகிறது, ஆனால் வஸ்து மாறுவதால் அர்த்தம் மாறுகிறது என்பது அவர் விடையின் சாரம். அந்த ஐரோப்பியரின் வாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் நம் மறைக்கல்வி வகுப்புகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு எளிதாக விளங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், சகோதரத்துவ விருந்து என்பதோடு பாடத்தை நிறுத்திவிடும் ஆசிரியர்கள் பலர். அதோடு நின்ற பிள்ளை பெரியவனாகும்போது, விருந்துக்கு ஒரு வாரம் போகாவிட்டால் என்ன என்று கேட்பது தர்க்கத்துக்கு முற்றிலும் பொருந்தியதே.

இவ்விவகாரம் அன்றாட வாழ்வில் நம்மோடு மோதும் இடம் கல்யாணப் பூசை. மணமக்களின் நண்பர்கள், எல்லாச் சமயத்தாரும், முன்வரிசைகளில் அமர்ந்திருப்பர்; நன்மை வழங்கும் நேரத்தில் மரியாதையின் பொருட்டு அவர்களும் எழுந்து வரிசையில் நிற்பர்; குருவானவர் ஒலிபெருக்கியில், கத்தோலிக்கரும் தகுந்த ஆயத்தம் செய்தவரும் மட்டும் வரலாம் என்பார்; சிலர் முகம் சுருங்கித் திரும்புவர். வீட்டாருக்கு வெட்கம். 'ஒரு சின்னத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துபோயிற்று' என்பர். அடையாளமானால் அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம்; வீட்டுக்கு வந்தவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதுபோன்ற அநாகரிகம் வேறில்லை; அந்த வழக்கத்தைத் திருச்சபை நாளையே நிறுத்திவிட வேண்டும். அடையாளம் அன்றாயின், தகுதியின்றி உண்பவன் ஆண்டவருடைய சரீரத்துக்கே குற்றவாளியாகிறான் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியது வெறும் மிரட்டல் அன்றாயின், அந்த மறுப்பு வந்தவரை இழிவுசெய்வதாகாது. தாம் நம்பாத ஒன்றை நம்புவதாக அவர் வாயால் ஆமென் சொல்லவைக்காமல் அவருடைய மனச்சாட்சியை மதிப்பதாகும். கொடிமரத்துக்கு அப்பால் வேற்றுச் சமயத்தார் வரலாகாது என்று பலகை வைத்த கோயில்களின் வாசலில் நானும் நின்று திரும்பியிருக்கிறேன். உள்ளே இருப்பதை அவர்கள் பொருட்படுத்துகிறார்கள் என்பதே அப்பலகையிலிருந்து நான் தெரிந்துகொண்டது.

ஆதலால் நம் கத்தோலிக்க நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இது: அடுத்த முறை ஒரு சைவ நண்பரோ பகுத்தறிவாள நண்பரோ 'அதெல்லாம் ஓர் அடையாளந்தானே' என்று பரிவோடு கேட்கும்போது, 'இல்லை' என்று சொல்லுங்கள். அவர் நம்பமாட்டார். நம்பாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. எதை நம்பவில்லை என்பதையாவது அவர் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.